தன் வண்டியைத் தானே திறக்கலாமா?



சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் காரக்கோணத்தில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். சொற்பொழிவு முடிந்தபின் நம்மிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் மறுபிறப்பு உண்டா, ஆன்மா உண்டா என்பன போன்றவை. அவற்றிற்கு விடை சொல்லிச் சொல்லி நமக்கும் பழகிவிட்டது. இவர் கேட்டதோ வேறு. "ஐயா, என் வண்டியில் ஏ.சி. பழுதாகிவிட்டது. அதை நானே திறந்து பார்ப்பது தவறாகுமா?" என்றார்.

இதை மெக்கானிக்கிடம் அல்லவா கேட்க வேண்டும், நம்மிடம் ஏன் கேட்கிறீர் என்றோம். அவர் சொன்ன விடையே இக்கட்டுரை பிறக்கக் காரணம். வண்டியை அவர் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு சென்றிருக்கிறார். அங்கே அதைச் சற்று நேரம் நோக்கிவிட்டு, கம்ப்ரஸரையும் கண்டென்சரையும் மாற்ற வேண்டும் என்று நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு மதிப்புச்சீட்டு எழுதித் தந்தார்கள். வெளியில் காட்டிக்கொள்ளலாமா என்று இவர் தயங்கிக் கேட்டதற்கு, "கம்பெனிக்கு வெளியே எவரும் இதைத் தொடக்கூடாது, தொட்டால் தவறு" என்றார்களாம். 'முடியாது' என்று சொல்லியிருந்தால் இவர் மெக்கானிக்கைத் தேடிப் போயிருப்பார். 'தவறு' என்று சொன்னதனால் நம்மிடம் வந்தார். அச்சொல்லை அவர் அத்துணை மதித்தார்.

காரக்கோணம் நம் வாசகர் பலருக்குத் தெரிந்த ஊர்தான். அமரவிளையிலிருந்து உள்ளே செல்லும் சாலையில் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருப்பது. 1956 நவம்பர் 1 ஆம் நாள் மாநில எல்லைகள் மாறியபோது விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தோடும், நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் சேர்ந்தன. எல்லைக் கோடு நிலத்தில் விழுந்ததே தவிரக் குடும்பங்களுக்குள் விழவில்லை. இன்றும் அங்கே ஒரே வீட்டில் இரண்டு மொழியும் பேசுவார் உளர். டாக்டர் சாமர்வெல் பெயரால் அங்கு நடக்கும் சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிக்கு எல்லையின் இருபுறத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். நம் ஓட்டுநரின் பிழைப்பு அவ்வாசலில்தான். அறுவை நடந்து மூன்றாம் நாள் வீடு திரும்பும் தாயையும், வாரம் இரு முறை சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வரும் முதியவரையும் ஏற்றிச் செல்பவர். மழையில் கண்ணாடியைத் திறக்க இயலாது. வெயிலில் திறந்தால் புழுதி. ஏ.சி. இல்லாத வண்டியில் நோயாளியை ஏற்ற உறவினர் ஒப்புவதில்லை. ஆகவே 'குளிர்சாதனம் ஒரு போகப்பொருள், அதை விட்டுவிடலாமே' என்று எண்ணும் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். இவருக்கு அது உலைக்கு அரிசி.

நாற்பத்திரண்டாயிரத்திற்கு அவர் எங்கே போவார்? வட்டிக்குத்தான் போவார்.

நாம் நூற்பாலையில் இருபத்தோர் ஆண்டு வேலை செய்தவர். காரின் பொறியை நாம் கற்றதில்லை. ஆனால் பொறியின் அருகே நிற்பவன் அதன் குரலை அறிவான் என்பது நமக்குத் தெரியும். ஸ்பின்னிங் பிரேமில் ஒரு கதிரின் ஓசை மாறினால், மேஸ்திரி வருவதற்குள் அதன் முன் நிற்கும் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். எனவே ஓட்டுநரிடம் ஒன்றுதான் கேட்டோம்: "எப்பொழுது குளிர்கிறது, எப்பொழுது குளிரவில்லை?" அவர் தயங்காமல் சொன்னார். சாலையில் வேகமாக ஓடும்போது சற்றுக் குளிர்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தால் அனல் வீசுகிறது. காற்றும் முன்னைப்போல் பலமாக வருவதில்லை. அவ்வளவையும் அவர் ஒரு மாதமாக அறிந்திருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

இவ்விடத்தில் அக்கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருங்கச் சொல்வது நலம். வண்டிக்குள் 'குளிரை உண்டாக்கும்' பொருள் எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டு போய்க் கொட்டும் ஒரு சுற்று மட்டுமே இருக்கிறது. மூடிய குழாய்களுக்குள் ஒரு வாயு ஓடுகிறது. எஞ்சினால் சுழலும் கம்ப்ரஸர் அவ்வாயுவை அழுத்துகிறது. அழுத்தத்தால் அது சூடேறுகிறது. முன்புறம் ரேடியேட்டருக்கு முன்னே வலைபோல் இருக்கும் கண்டென்சரில் அந்தச் சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டு அது திரவமாகிறது. பிறகு ஈரம் உறிஞ்சும் சிறு குப்பியைக் கடந்து, எக்ஸ்பேன்ஷன் வால்வு என்னும் ஊசித்துளை போன்ற வாயிலில் பீறிட்டுப் புகுந்து, டாஷ்போர்டுக்குப் பின்னே இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது வண்டிக்குள் இருக்கும் காற்றிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. மண்பானையின் நீர் கசிந்து உலர்வதால் பானை குளிர்வதும் இதே இயற்கைதான். பானையில் போன நீர் போனதே. இங்கே அதே வாயு மீண்டும் மீண்டும் சுற்றுகிறது. அது மூடிய சுற்று என்பதை அன்பர்கள் மனத்தில் கொள்க. இக்கட்டுரையின் வழக்கெல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

இனி ஓட்டுநர் சொன்ன அறிகுறிகளைப் பாருங்கள். ஓடும்போது குளிர்கிறது என்றால் எதிர்க்காற்று கண்டென்சரின் சூட்டை எடுத்துச் செல்கிறது. நின்றால் அனல் என்றால், நிற்கும்போது அந்த வேலையைச் செய்ய வேண்டிய மின்விசிறி ஓடவில்லை என்று ஐயுறலாம். காற்றின் பலம் குறைந்தது என்றால் உள்ளே வழியில் ஏதோ அடைத்திருக்கிறது. பாறசாலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கைபேசியில் அழைத்துக் கேட்டபோது அவரும் இதையே சொல்லி, மூடிய குழாய்களில் எதையும் தளர்த்தாமல் இன்னின்னதைப் பாருங்கள் என்று வழி காட்டினார்.

கையுறைப் பெட்டியைக் கழற்றிக் கேபின் பில்டரை உருவினோம். அது பில்டராக இல்லை. ரப்பர்ச் சருகும் சாலைப் புழுதியும் நூற்ற கம்பளமாக இருந்தது. முன்னே கண்டென்சரின் இதழ்களுக்கிடையே செம்மண்ணும் பூச்சிகளின் இறகும் அப்பிக் கிடந்தன. மெல்லிய நீர்த்தாரையால், இதழ்கள் வளையாதபடி கழுவினோம். விசிறியின் ரிலே ஒன்று கருகியிருந்தது. புதிய பில்டர், ரிலே இரண்டும் சேர்ந்து அறுநூற்றைம்பது ரூபாய். மாலையில் வண்டி வாசலில் நின்றபடியே குளிர்ந்தது. கம்ப்ரஸரும் கண்டென்சரும் பழையனவே, இன்றுவரை ஓடுகின்றன.

நாம் மகிழ்ந்தோம். மகிழ்ச்சியில் ஒரு பிழை செய்தோம்.

அந்நிகழ்ச்சியை அடுத்து வந்த மூன்று கூட்டங்களில் எடுத்துச் சொன்னோம். தன் பொருளைத் தானே அறிக, தன் கையை நம்புக, ஏமாறாதே என்று குரலை உயர்த்திப் பேசினோம். கைதட்டலும் கிடைத்தது. அக்கூட்டங்களில் ஒன்றில் அந்த ஓட்டுநருடைய தமக்கையின் மகனும் இருந்திருக்கிறான். இருபத்திரண்டு வயது, சூட்டிகையான பிள்ளை. அவனிடம் பழைய வேன் ஒன்று உண்டு. அதிலும் குளிர் இல்லை. அடுத்த ஞாயிறன்று அவன் ஸ்பேனரை எடுத்துக் கம்ப்ரஸரை ஒட்டிய குழாயின் மரையைத் தளர்த்தினான்.

கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சதுர அங்குலத்திற்கு முப்பது பவுண்டுக்குச் சற்று மேல். ஓடும் ஏ.சி.யின் உயரழுத்தப் பக்கத்தில் அது இருநூறைத் தொடும். நிறுத்திய வண்டியிலும் டயரைவிட மிகுதியாகவே இருக்கும். உள்ளே இருந்த வாயுவோ, திறந்த வெளியில் நீர் உறையும் குளிருக்கும் 26 பாகை கீழே கொதிப்பது. சீறிக்கொண்டு வெளிவந்த அது அவன் வலக்கையின் மூன்று விரல்களை உறையச் செய்தது. தோல் வெளுத்து, பிறகு சிவந்து கொப்பளித்தது. கண்ணில் படாமல் போனது அவன் நல்லூழ். அந்தச் சீறல் ஒரு நிமிடத்திற்கும் மேல் கேட்டதாக அவன் தாய் நம்மிடம் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. வைதிருந்தால் நமக்கு இலேசாக இருந்திருக்கும்.

விரல்கள் ஆறின. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் வெளியே போனது அவனுடைய விரலை மட்டும் தொட்டதன்று. அதன் கணக்கையும் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் ஓடும் கார்களில் மிகப் பெரும்பான்மையானவற்றில் இருப்பது ஆர்-134ஏ என்னும் வாயு. சிறிய காரில் ஏறக்குறைய அரைக் கிலோ பிடிக்கும். நூறாண்டுக் காலத்தை அளவாகக் கொண்டு பார்த்தால், ஒரு கிலோ கரியமில வாயு உலகைச் சூடாக்குவதைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு இது சூடாக்கும் என்று அறிவியலார் கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் அரைக் கிலோ வாயு 700 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு எழுகிறது. வகுத்துப் பாருங்கள்: முந்நூறு லிட்டர் பெட்ரோல். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும் வண்டியானால் 4,500 கிலோமீட்டர். காரக்கோணத்திலிருந்து காஷ்மீரத்துச் சீநகர் வரை ஓட்டினாலும் அவ்வளவு ஆகாது. அப்பிள்ளை தன் வீட்டு முற்றத்தை விட்டு ஓர் அடி நகராமல் அத்தனை புகையையும் ஒரு நிமிடத்தில் விட்டுவிட்டான். அவனுக்கு அது தெரியாது. நமக்கும் அன்று தெரியாது.

தெரியாமல் செய்தவனைக் குற்றவாளி என்னலாமா? இதற்கு விடை தேடப் புகுந்தபோது இவ்வாயுக்களின் வரலாறு முழுவதையும் கற்க வேண்டியதாயிற்று; அது நாம் எதிர்பாராத இடங்களுக்கு நம்மை இட்டுச் சென்றது.

பொறியால் குளிர் செய்ய முயன்றவர்களுள் ஒருவர் ஜான் கோரி என்னும் மருத்துவர். அமெரிக்காவின் புளோரிடாவில் இருந்தவர். காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். பனிக்கட்டி செய்யும் பொறிக்கு 1851 இல் காப்புரிமை பெற்றார். பணம் போட முன்வருவார் இன்றி 1855 இல் வறுமையில் மாண்டார். நோயாளிக்காக எண்ணப்பட்ட குளிர் இவ்வாறு வாயிலிலேயே நின்றுவிட்டது. 1902 இல் வில்லிஸ் கேரியர் என்பார் புரூக்ளினில் ஓர் அச்சகத்திற்குக் காற்றின் ஈரத்தை அடக்கும் பொறியை அமைத்தார்; தாள் சுருங்கி நீண்டு வண்ணங்கள் இடம் மாறியதே காரணம். இன்று உலகம் முழுதும் வழங்கும் 'ஏர் கண்டிஷனிங்' என்னும் பெயரை 1906 இல் இட்டவர் ஸ்டூவர்ட் கிராமர். அவர் யார் என்று கேட்பீர்களானால், பஞ்சாலைப் பொறியாளர்! காற்றுலர்ந்தால் நூல் அறும். ஆகவே ஆலைக் காற்றை நூலுக்கேற்றபடி பக்குவம் செய்ய வேண்டும் என்பதற்காக அப்பெயரை வைத்தார்.

இதைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியே போய் நின்றோம். நாம் நின்ற ஆலையிலும் ஈரக்காற்றுப் பொறி இருந்தது. நூல் அறாமல் இருக்க அது இரவும் பகலும் ஓடிற்று. பஞ்சுத் தூசியை விழுங்கி இருமியவர்களுக்காக ஓடவில்லை. அதன் பெயரே நம் தொழிலில் பிறந்தது என்பதை இத்தனை ஆண்டும் அறியாதிருந்தோம். மோட்டார் காரில் குளிர்சாதனத்தை முதலில் விற்பனைக்கு வைத்தது பாக்கார்டு கம்பெனி. 1939 இல் அறிவித்தது. இந்தியாவில் நடுத்தர, பெரிய சரக்கு லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்னும் விதி, புதிதாகச் செய்யப்படும் லாரிகளுக்கு மட்டும், 2025 இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் எண்பத்தாறு ஆண்டுகள். நிற்க.

வாயுவுக்கு வருவோம். பழைய குளிர்ப்பொறிகளில் அமோனியாவும் கந்தக வாயுவும் மெதில் குளோரைடும் ஓடின. அவை கசிந்தால் உறங்குபவர் எழமாட்டார். இக்கொலையைத் தடுக்கவே, நஞ்சில்லாத, தீப்பிடிக்காத ஒரு வாயுவைத் தேடி 1928 இல் தாமஸ் மிட்ஜ்லி என்னும் பொறியாளரும் அவர் துணைவர்களும் குளோரோபுளோரோகார்பன் என்னும் இனத்தைக் கண்டார்கள். 1930 இல் வேதியியலார் அவையில் அவர் அவ்வாயுவைத் தம் நெஞ்சு நிறைய உள்ளே இழுத்து, எரியும் மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சில்லை, தீயில்லை என்பதற்கு அதைவிட நேரான சான்று ஏது? அவர் எண்ணம் தூயது என்றே கொள்வோம். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1974 இல், மொலினா, ரோலண்டு என்னும் இருவர், இவ்வாயு அழியாமல் மேலே சென்று, கதிரவனின் கொடுங்கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தைத் தின்னும் என்று எழுதினர். 1985 இல் அண்டார்க்டிகாவின் மேல் படலம் மெலிந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்டனர். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியலில் நாடுகள் கூடி அதை ஒழிக்க உடன்பட்டன. இந்தியா 1992 இல் சேர்ந்தது. அதன் இடத்திற்கு வந்ததே நாம் மேலே சொன்ன 134ஏ. இது ஓசோனைத் தின்னாது. ஆனால் உலகைச் சூடாக்கும். அதையும் குறைக்க 2016 இல் கிகாலியில் உடன்பாடு ஆயிற்று. இந்தியா 2021 இல் அதை ஏற்று உறுதி செய்தது.

மிட்ஜ்லி அறியாமல் செய்தார். அவர் காலத்தில் அதை அறிந்தவர் உலகில் ஒருவரும் இலர். அறியும் வழியும் இல்லை. நம் பிள்ளையின் அறியாமை அத்தகையதா? இல்லை. அவன் அறியாததை அறிந்தவர்கள் அவனுக்குப் பத்துக் கல் தொலைவில் இருந்தார்கள். சர்வீஸ் சென்டரில் அதற்கெனப் புத்தகம் இருந்தது. வாயுவை வெளியே விடாமல் உறிஞ்சி எடுக்கும் பொறியும் இருந்தது. எவ்வண்டிக்கு எத்தனை கிராம், எந்த எண்ணெய், எந்த வரிசை என்பன எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருந்தன. அவன் கைக்கு மட்டும் அவை வரவில்லை. ஒருவரும் அறியாதது என்பது வேறு. அறிந்தவர் மறைத்ததனால் அறியாதது என்பது வேறு. இரண்டாவதற்கு மறைத்தவரும் பங்காளியே. எச்சரிக்கை சொல்லாமல் மேடையில் முழங்கிய நாமும் பங்காளியே.

இது நம் கற்பனைக் குற்றச்சாட்டு என்று எண்ண வேண்டா. கார்க் கம்பெனிகள் உதிரிப் பாகங்களையும் பழுது பார்க்கும் குறிப்புகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் அடைத்து வைத்திருக்கின்றன என்று 2011 இல் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் ஒரு முறையீடு வந்தது. 2014 ஆகஸ்டு 25 அன்று ஆணையம் அம்முறையீட்டை ஏற்று, 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது. பாகங்களையும் குறிப்புகளையும் வெளியாருக்கும் கிடைக்கச் செய்யுமாறு பணித்தது. கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன, தண்டத் தொகையைப் பற்றி வழக்கு நீண்டது என்பதெல்லாம் உண்மையே. ஆனாலும் தன் வண்டியைத் திறப்பது தவறென்று சொன்னவர்களின் செயலையே தவறென்று ஒரு மன்றம் சொன்னது என்பதை நம் ஓட்டுநர் அறிந்திருக்கவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 இல் மக்கள் வாக்களித்தே இதற்குச் சட்டம் கொண்டுவந்தனர். நம் நாட்டிலும் 2022 இல் நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமை பற்றிக் குழு அமைத்தது.

கம்பெனிகள் சொல்லும் மறுமொழி ஒன்று உண்டு: பயிற்சியில்லாதவன் தொட்டால் கேடு விளையும், அதனால்தான் கொடுப்பதில்லை என்பர். அப்பிள்ளையின் விரல்களைப் பார்த்த பிறகு இம்மறுமொழியை நாம் எள்ளி நகையாட மாட்டோம். கேடு விளையும் என்பது மெய். ஆனால் கற்கும் வாயிலை அடைத்துவிட்டு, பிறகு கல்லாதவன் என்று ஒருவனைக் காட்டி, இதோ இதற்காகத்தான் அடைத்தோம் என்பது என்ன நியாயம்? இந்த நியாயம் நம் மக்களுக்குப் புதிதன்று. காரக்கோணத்திற்குத் தொலைவில் இல்லாத ஊரூட்டம்பலத்தில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், அய்யன்காளி பஞ்சமி என்னும் சிறுமியின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது பள்ளிக்கூடத்திற்கே தீ வைத்தார்கள். அந்தக் கொடுமையையும் ஒரு கம்பெனியின் விலைச்சீட்டையும் ஒரு தட்டில் வைத்து நிறுக்க நாம் துணியவில்லை. நிறுத்தால் அது பிழை. இரண்டிலும் கேட்கும் வாக்கியம் ஒன்றுபோல் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறோம்.

இன்னொரு புறத்தையும் பார்க்க வேண்டும். அப்பிள்ளை கம்பெனிக்கே போய்ப் பணம் கொடுத்திருந்தால் வானம் காப்பாற்றப்பட்டிருக்குமா? எல்லா இடத்திலும் அப்படி நடப்பதாக நாம் நம்பவில்லை. குளிர் குறைந்தால் 'கேஸ் அடிக்கணும்' என்பார்கள்; ஆண்டுதோறும் அடிப்பார்கள். மூடிய சுற்றில் வாயு ஏன் குறைய வேண்டும்? சிறிது சிறிதாகக் கசிவது இயல்பு. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தீர்ந்துபோகிறது என்றால் ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் மீண்டும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் ஊர்ப் பொதுக் கிணற்றை இறைப்பதாகும். அதற்கு ரசீதும் தருவார்கள். ரசீது கையில் இருப்பதால் அச்செயல் நம்முடையது அல்லாமல் போய்விடுமா? நான் கொல்லவில்லை, விற்றதைத்தான் வாங்கினேன் என்பவனுக்கு வள்ளுவர் புலால் மறுத்தலில் சொன்ன விடை நம் அன்பர்களுக்குத் தெரியும். கொடாததைக் கொள்ளாமை நம் ஒழுக்கங்களுள் ஒன்று. வானத்தை நமக்கு எவரும் கொடுக்கவில்லை. அதில் ஒன்றைக் கொட்டிக் கெடுப்பது, கூலி கொடுத்துச் செய்வித்தாலும் தன் கையால் செய்தாலும், பிறர் பொருளில் கை வைப்பதேயாகும் என்று நாம் கருதுகிறோம். இதில் கருத்து வேறுபடுவோர் எழுதலாம்.

ஆகவே ஓட்டுநர் கேட்ட கேள்விக்கு நாம் இப்பொழுது வேறு விதமாக விடை சொல்வோம். பில்டர், பியூஸ், ரிலே, விசிறி, பெல்ட், கண்டென்சரின் அழுக்கு ஆகியவை மூடிய சுற்றுக்கு வெளியே உள்ளவை. அவற்றைத் தானே பார்ப்பதில் எவருக்கும் கேடில்லை. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, கம்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் போதும். இணைப்புகளின் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். சோப்பு நுரை தடவிக் குமிழி எழுகிறதா என்றும் பார்க்கலாம். அதற்கு அப்பால் மரையைத் தளர்த்துவது வேறு செயல். அதற்கு முன் உள்ளிருக்கும் வாயுவை உறிஞ்சிச் சேர்க்கும் பொறி வேண்டும். பழுதை நீக்கியபின் வாக்குவம் பம்பால் அரைமணிக்குக் குறையாமல் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் குழாயை அரிக்கும். பிறகு தராசில் நிறுத்து, பானெட்டின் கீழ் ஒட்டியிருக்கும் சீட்டில் கண்ட கிராம் அளவே நிரப்ப வேண்டும். கூடினாலும் குளிர் குறையும். மலிவு என்று எரியும் வாயுவை நிரப்புவாரும் உளர். நோயாளியை ஏற்றும் வண்டியில் அதைச் செய்பவரை என்ன சொல்வது என்று நமக்குத் தெரியவில்லை. இவ்வளவையும் கற்றுக் கருவியும் உடையவன் கம்பெனிச் சட்டை அணியாவிட்டாலும் செய்யலாம். கல்லாதவன் சட்டை அணிந்திருந்தாலும் செய்யலாகாது.

சர்வீஸ் சென்டரில் நாற்பத்திரண்டாயிரம் என்று எழுதித் தந்த இளைஞனை நாம் வையவில்லை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். மாதம் எத்தனை பாகம் விற்றாய் என்று அவனைக் கேட்க மேலே ஒருவர் இருப்பார். அவருக்கு மேலும் ஒருவர். ஆலையில் நாமும் அளவுக் கணக்குக்கு அஞ்சி அறுந்த நூலைச் சரியாக முடியாமல் விட்டதுண்டு.

பிள்ளையின் வேனைப் பாறசாலை மெக்கானிக்கிடம் கொண்டு சென்றோம். நைட்ரஜன் ஏற்றிச் சோதித்ததில் ஓட்டை தெரிந்தது. வாயு நிரப்பும் வாயிலில் சைக்கிள் டியூப் வால்வு போன்ற ஒரு சிறு ஊசி உண்டு, அது தேய்ந்திருந்தது. அவன் கழற்றிய குழாயில் ஒரு பழுதும் இல்லை. அன்று முழுதும் பிள்ளை அவர் பக்கத்திலேயே நின்றான். இப்பொழுது வாரத்தில் இரண்டு நாள் அங்கே வேலை பழகுகிறான்.

ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஓட்டுநர்கள் சேர்ந்து பணம் போட்டு அழுத்தமானியும் வாக்குவம் பம்பும் வாங்கி அந்த மெக்கானிக்கின் பட்டறையில் வைத்திருக்கிறார்கள். உறிஞ்சும் பொறி அவர்கள் விலைக்கு எட்டவில்லை. மார்த்தாண்டத்தில் ஒருவரிடம் இருப்பதை நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஸ்டாண்டில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. வண்டி எண், தேதி, கண்ட பழுது, நிரப்பிய கிராம் என்று நான்கு பத்தி. சிலர் தமிழிலும் சிலர் மலையாளத்திலும் எழுதுகிறார்கள். சென்ற மாதம் நாம் பார்த்தபோது ஒன்பது வண்டிகள் பதிவாகியிருந்தன. ஒன்பதாவதன் எதிரே கிராம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டோம். அவ்வண்டியின் ஓட்டை இன்னும் அகப்படவில்லையாம். அதன் ஓட்டுநர் இரண்டு வாரமாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு, கிடைக்கும் சவாரியை மட்டும் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.